நான்கு அணிகள், ஒரு பொய்க் கணக்கு

மயாமியில் ஆடிய ஜிம்மி பட்லரை 2025 பிப்ரவரியில் பீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி கொண்டுவந்திருக்கலாம், நிர்வாகத்துக்குத் துணிச்சல் இல்லாததால் கோட்டைவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார் நண்பர். அதோடு நிற்காமல் நான்கு அணிகளைக் கோத்து, வீரர்களை மாற்றிக்கொள்ளும் ஒரு டிரேட் திட்டமும் போட்டுக் காட்டியிருக்கிறார். யூசுஃப் நூர்கிச், கிரேசன் ஆலன், ராய்ஸ் ஓ'நீல் மூவரும் பீனிக்ஸை விட்டுப் போவார்கள். ஒருவர் மயாமிக்கு, மற்ற இருவர் வேறு இரண்டு அணிகளுக்கு. அந்த அணிகள் மயாமிக்கு ஆட்களைத் தரும், பட்லர் பீனிக்ஸுக்கு வந்துவிடுவார். மொத்தமாகப் பார்த்தால் போனதும் வந்ததும் ஏறக்குறையச் சமம், ஆகவே சாலரி கேப் எனும் சம்பள வரம்பு ஒரு தடையே இல்லை என்பது அவர் வாதம். இது அடி முதல் நுனி வரை தவறு.

நாலு வீட்டுச் செலவை ஒரே நோட்டில் கூட்டிவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்கிறார். என்பிஏ அப்படிப் பார்ப்பதில்லை. எத்தனை அணி சேர்ந்தாலும் ஒவ்வொன்றின் வரவும் செலவும் தனித்தனியாக விதிக்குள் நிற்க வேண்டும். ஓர் அணி சறுக்கினால் மொத்த டிரேடும் செல்லாது.

பீனிக்ஸின் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த சீசனில் நூர்கிச்சுக்கு 1.81 கோடி டாலர், ஆலனுக்கு 1.56 கோடி, ஓ'நீலுக்கு ஏறத்தாழ 94 லட்சம். ஆகமொத்தம் 4.31 கோடி. பட்லரின் சம்பளமோ 4.88 கோடி. செகண்ட் ஏப்ரன் எனப்படும் இரண்டாம் உச்சவரம்பு அப்போது 18.89 கோடி. பீனிக்ஸின் சம்பளப் பட்டியல் 20 கோடியைத் தாண்டி நின்றது. அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் அணி, தான் அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்கக் கூடாது. 57 லட்சம் இடிக்கிறது. இன்னும் ஓர் ஆளைச் சேர்த்துச் சரிக்கட்டலாம் என்றால் அதற்கும் வழி கிடையாது. அந்தக் கோட்டைத் தாண்டிய அணி இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒருவரை வாங்கவே கூடாது. பட்லருக்கு ஈடாக ஒற்றை ஆளாக நிற்கும் சம்பளம் பீனிக்ஸில் மூன்றே பேருக்கு இருந்தது: டுரான்ட், புக்கர், பீல். நடுவில் பத்து அணிகளை நுழைத்தாலும் இது மாறாது.

கோல்டன் ஸ்டேட் மட்டும் எப்படி வாங்கியது என்று கேட்கிறார். விக்கின்ஸ், ஷ்ரோடர், ஆண்டர்சன், வாட்டர்ஸ் நால்வரின் சம்பளத்தையும் கூட்டிக் காட்டித்தான் வாங்கியது. அந்த அணி இரண்டாம் வரம்புக்குக் கீழே இருந்தது, அதனால் அந்த உரிமை அதற்கு இருந்தது. இதில் துணிச்சல் எங்கே வந்தது?

டல்லஸ் டோன்சிச்சையே லேக்கர்ஸுக்கு மாற்றிவிட்டது, இனி எதுவும் நடக்கும் என்பது அவருடைய அடுத்த ஆயுதம். அந்த டிரேடின் கணக்கை அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை. லூகா டோன்சிச்சுக்கு 4.30 கோடி, ஆண்டனி டேவிஸுக்கு 4.32 கோடி. உலகம் அதிர்ந்தது டல்லஸ் எடுத்த முடிவைக் கேட்டு. கணக்கில் அதிர எதுவுமில்லை. மூன்றாவதாக வந்த யூட்டா, லேக்கர்ஸிடமிருந்து ஜேலன் ஹுட்-ஷிஃபீனோவை ஏற்றுக்கொண்டதற்கு இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளை, அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை, கூலியாக வாங்கிக்கொண்டது.

கார்ல்-அந்தோணி டவுன்ஸை மினசோட்டா நியூயார்க்குக்கு அனுப்பிய டிரேடையும் சாட்சிக்கு இழுக்கிறார். அது அவருக்கு எதிரான சாட்சி. மினசோட்டாவும் இரண்டாம் வரம்பைத் தாண்டிய அணிதான். அதனால்தான் டவுன்ஸ் என்ற ஒரே ஆளை அனுப்பி, அவரைவிடக் குறைந்த மொத்தச் சம்பளத்துக்கு ராண்டிலையும் டிவின்செஞ்சோவையும் வாங்கியது. எதிர்ப்பக்கம் நியூயார்க்குக்குச் சம்பளம் எட்டவில்லை. ஆகவே சார்லி பிரவுன், டக்வான் ஜெஃப்ரிஸ், டுவேன் வாஷிங்டன் என மூன்று பேரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, அந்தக் கையோடு சார்லட்டுக்கு அனுப்பியது. மூன்று மனிதர்களின் வேலை, ஊர், சம்பளம் எல்லாம் இடைவெளியை அடைக்கத் தீர்மானிக்கப்பட்டன. பல அணி டிரேட் என்பதன் உள்வேலை இவ்வளவு நுணுக்கமானது. நண்பர் அதை நான்கு அம்புக்குறிகளில் முடித்துவிடுகிறார்.

மூன்றாவது, நான்காவது அணியை பீனிக்ஸ் எதைக் கொடுத்து அழைத்திருக்கும்? டுரான்டுக்காக 2023, 2025, 2027, 2029ஆம் ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகள் புரூக்ளினுக்குப் போய்விட்டன. 2031க்கு உரியதை அந்த ஜனவரியில்தான் யூட்டாவிடம் கொடுத்து, மதிப்புக் குறைந்த மூன்று பிக்குகளாக மாற்றியிருந்தார்கள். 2032க்கு உரியதை விதி முடக்கிவைத்திருந்தது. நண்பர் சரக்காகக் காட்டும் நூர்கிச்சை யாரும் விரும்பி வாங்கவில்லை. ஒரு முதல் சுற்று பிக்கையும் மேலே வைத்துத்தான் அவரைச் சார்லட்டிடம் ஒப்படைக்க முடிந்தது.

கடைசியில் பிராட்லி பீல் மீது பாய்கிறார். வேறு அணிக்கு மாறச் சம்மதிக்காத சுயநலக்காரர் என்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 2022இல் வாஷிங்டன் 25.1 கோடி டாலர் ஒப்பந்தத்தில், அவர் சம்மதமின்றி அவரை மாற்றக் கூடாது என்ற பிரிவை எழுதிக் கொடுத்தது. பேசி வாங்கிய உரிமையை ஒருவர் பயன்படுத்துவது குற்றமா? ஓர் ஊரில் குடியிருப்பவரை இன்னோர் ஊருக்குத் தூக்கிப்போட ஒரே நாள் போதும் என்றிருக்கும் தொழிலில், வேண்டாம் என்று சொல்லும் உரிமை மிகச் சிலருக்கே உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி 2023 ஜூனுக்கு உரியது. அந்தப் பிரிவு ஒப்பந்தத்தில் இருப்பது தெரிந்தே பீலை வாங்கியது பீனிக்ஸ். இரண்டாம் வரம்பைக் கொண்டுவந்த புதிய உடன்பாடு அந்த ஏப்ரலிலேயே முடிவாகியிருந்தது. என்ன வரப்போகிறது என்பது எல்லா அணிகளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே உரிமையாளர் மாட் இஷ்பியாவும் அவர் நிர்வாகமும் மூன்று பெரிய சம்பளங்களை ஒரே பட்டியலில் ஏற்றினார்கள். 2025 ஜூலையில் பீலைப் பணம் கொடுத்து விடுவித்தார்கள். அவர் கிளிப்பர்ஸுக்குப் போனார். பீனிக்ஸின் கணக்கிலோ ஆண்டுக்கு 1.94 கோடி டாலர் வீதம் ஐந்து சீசன்களுக்கு, 2030 வரை, அவர் பெயர் இருக்கிறது. இதைப் பற்றி நண்பரின் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.