சிவப்புச் சாயம் இல்லாமல் பார்ப்போமா?



நார்வேயில் பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ இருக்கும் குடும்பங்கள் நம் வாசகர்களில் கணிசம். கோடை விடுமுறைக்கு அங்கே போகிறவர்கள், "எதைப் பார்க்கலாம், சொல்லுங்களேன்" என்று எழுதிக் கேட்பதும் வழக்கம். ஒஸ்லோ, பெர்கன், ஒரு படகுச் சவாரி, கோயில், கொஞ்சம் ஷாப்பிங் என்ற பட்டியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னைக் கேட்டால், ஒரு முறையாவது வடக்கே ஏறிப் போங்கள் என்பேன். ஆல்ட்டா என்ற ஊர் வரைக்கும்.

அங்கே என்ன இருக்கிறது? பாறையில் வெட்டிய உருவங்கள் இருக்கின்றன.

"பாறையைப் பார்க்கவா அவ்வளவு தூரம்? நார்வேயில் காபி குடிக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறதே!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. செலவு அதிகம்தான், அதை மறைத்துப் பேச விருப்பமில்லை. இருந்தும் ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சம் கேளுங்கள்.

ஆல்ட்டா, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, 70-வது அட்சரேகையை ஒட்டி, ஃபியோர்டு என்னும் நீண்ட கடற்குடா ஒன்றின் உள்கோடியில் இருக்கிறது. ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். அப்படி நேராகப் போய் இறங்காமல், முடிந்தால் தெற்கே கௌட்டோகெய்னோவிலிருந்து 93-ம் எண் சாலையில் காரில் வாருங்கள். ஃபின்மார்க் பீடபூமியின் நடுவே போகும் சாலை அது. ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டிய பிர்ச் மரங்கள், சதுப்பு, ஏரி, மறுபடி சதுப்பு. வெகுதூரத்துக்கு ஒரு வீடு கண்ணில் படாது. சாப்பாடு, தண்ணீர், பெட்ரோல் எல்லாவற்றையும் கிளம்பும் இடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்க்டிக் என்றால் குளிர் மட்டும்தான் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கோடையில் அங்கே கொசு மொய்க்கும். குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை மாட்டி விடுங்கள்.

சாலையில் ரெயின்டீர்கள் குறுக்கே வந்து நிற்கும். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அதே மான்தான். ஹார்ன் அடிக்காமல் காத்திருங்கள். அவை ஆளில்லாத காட்டு மிருகங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சாமி பழங்குடிக் குடும்பத்துக்குச் சொந்தம். காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தை வைத்து யாருடைய மான் என்று சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தனக்கென்று ஓர் அடையாளம் உண்டு. குளிர்காலத்தில் மந்தை இந்தப் பீடபூமியில் மேயும். வசந்தம் வந்ததும் கடற்கரைக்கு நகரும், குடும்பமும் கூடவே நகரும். மந்தையை வேலிக்குள் ஓட்டி, யாருடையது எது என்று பிரிக்கும் நாளில் பெரியவர் சிறியவர் என்று வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கும்.

இந்த வேலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் பாறையில் ஒரு வேலியைப் பார்க்கப் போகிறோம்.

வழியில் மாசே என்று ஒரு சிறிய ஊர் வரும். அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். ஆல்ட்டா ஆற்றில் அணை கட்ட முதலில் போட்ட திட்டப்படி அந்த ஊர் தண்ணீருக்குள் போயிருக்கும். எதிர்ப்பு கிளம்பி, திட்டம் சுருங்கி, ஊர் பிழைத்தது. சுருங்கிய திட்டத்தையும் சாமி மக்களும் சூழல் ஆர்வலர்களும் ஏற்கவில்லை. 1979-ல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், அந்தக் கடுங்குளிரில், அணைக்குப் போகும் வழியில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை நூற்றுக்கணக்கான போலீசார் அப்புறப்படுத்தினார்கள். அணை எழும்பியது, 1987-ல் மின்நிலையமும் இயங்கத் தொடங்கியது. ஆனால் அந்தப் போராட்டம் எழுப்பிய கேள்விகள் சும்மா போகவில்லை. 1989-ல் நார்வேயின் சாமி மக்களுக்கென்று தனி நாடாளுமன்றமே திறக்கப்பட்டது. நார்வேயில் படிக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு சாலை இறங்கத் தொடங்கும். பள்ளத்தாக்கு வரும், அவ்வளவு வடக்கில் நாம் எதிர்பார்க்காத பைன் மரங்கள் வரும், கடைசியில் கடல் வரும். அந்தக் கடலோரத்தில்தான் யெம்மெலுஃப்ட் பாறைகள் இருக்கின்றன.

1973-ல்தான் இங்குள்ள உருவங்கள் வெளியுலகின் கவனத்துக்கு வந்தன. அதுவரை பெரும்பாலானவை பாசிக்கும் புல்மண்ணுக்கும் கீழே கிடந்தன. 1944-ல் ஜெர்மானியப் படை பின்வாங்கியபோது ஃபின்மார்க் பகுதியில் வீடு வீடாகத் தீ வைத்துவிட்டுப் போனது, ஆல்ட்டாவும் எரிந்தது. அப்போதும் இவை மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்தன. தேடத் தேடப் பக்கத்து இடங்களிலும் கிடைத்து, மொத்தம் 6000-க்கு மேற்பட்ட உருவங்கள் ஆகிவிட்டன. 1985-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வயது? மிகப் பழையவை ஏறக்குறைய 7000 ஆண்டுகள். எகிப்தின் பெரிய பிரமிடுகளுக்கும் மூத்தவை. கடைசியாக வெட்டியவை சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தையவை. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பனியுகத்தில் அந்த நிலத்தின்மேல் மிகக் கனமான பனிப்பாளம் உட்கார்ந்திருந்தது. அந்தச் சுமையில் நிலம் அமுங்கிப் போனது. பனி உருகியதும் அமுங்கிய நிலம் மெல்ல மெல்ல எழும்ப ஆரம்பித்தது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான், ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக. நிலம் எழ எழக் கடல் பின்வாங்கும், கரையில் புதிய பாறை தலைகாட்டும். அலை கழுவிய அந்தச் சுத்தமான பாறையில்தான் அவர்கள் உருவங்களை வெட்டினார்கள். ஆகவே மேலே இருப்பவை பழையவை, கீழே வர வர இளையவை. மிகப் பழைய உருவங்கள் இன்று கடல்மட்டத்துக்கு 25 மீட்டருக்கும் மேலே நிற்கின்றன. கீழிருந்து மேலே ஏறினால் ஒவ்வொரு படிக்கும் நூறு நூறு ஆண்டுகளாகப் பின்னால் போகிறீர்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு பிடிக்காது?

சரி, பாறையில் அப்படி என்னதான் இருக்கிறது? நமக்குத் தெரிந்த வீட்டு விஷயங்கள்தான்: சாப்பாடு, வேலை, பயம், கூட்டம்.

பழைய பாறைகளில் ஒன்றில் பெரிய வளையமாக ஒரு வேலி. உள்ளே ரெயின்டீர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவை வளர்ப்பு மான்கள் அல்ல, வேட்டைக்காகக் காட்டிலிருந்து ஓட்டி வந்தவை. ஒரு வேலி போட எத்தனை மரம் வெட்ட வேண்டும், எத்தனை பேர் இரண்டு பக்கமும் நின்று விரட்ட வேண்டும்? ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா? பல வீடுகள் கூடிப் பேசி, பங்கு வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டு செய்த வேலை அது. அந்தப் பேச்சு, அந்தப் பங்கு, அதில் வந்திருக்கக்கூடிய மனத்தாங்கல் எல்லாம் அந்த வேலிக்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கரடிகளும் உண்டு. குகையிலிருந்து கிளம்பும் கரடியின் காலடித் தடங்கள் பாறையின்மேல் புள்ளி புள்ளியாக நீண்டு போகும். இந்தப் பாறைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த தொல்லியலாளர் க்னுத் ஹெல்ஸ்கோக், பாறையின் மேடு பள்ளத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். வெட்டியவர்களுக்கு அந்தப் பாறையே ஒரு குட்டி நிலப்பரப்பாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. மழை பெய்து ஓய்ந்ததும் போனால் இது புரியும். பாறைக் குழியில் தண்ணீர் தேங்கி ஏரி ஆகிவிடும், வெட்டிய விலங்கு அதன் கரையில் நிற்கும்.

இன்னொரு பாறையில் ஒரு படகு. படகிலிருந்து ஒரு தூண்டில் கயிறு நீளமாக இறங்குகிறது, அதன் முனையில் ஹாலிபட். நம் ஊர் நாக்கு மீன்போலத் தட்டையானது, ஆனால் 200 கிலோவைக்கூடத் தாண்டி வளரும். படகில் உட்கார்ந்து கையால் அதை இழுத்து ஏற்றுவது லேசான விஷயமா?

இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது நம் வாசகர்களில் ஒரு சாராரை நினைக்காமல் இருக்க முடியாது. 1980-களிலும் 90-களிலும் இலங்கைப் போர் துரத்த, யாழ்ப்பாணத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் நார்வே போனவர்கள் பலருக்கு முதல் வேலை கிடைத்தது இந்த ஃபின்மார்க் கடற்கரையின் மீன் தொழிற்சாலைகளில்தான். வாரக்கணக்கில் சூரியனே எழாத குளிர்காலத்தில், ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் மாட்டி நின்று மீன் வெட்டினார்கள், ஊருக்குப் பணம் அனுப்பினார்கள், தம்பி தங்கைகளைக் கரையேற்றினார்கள். பின்னாளில் பலர் ஒஸ்லோ பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்கள். அந்த அண்ணன்மார், அக்காமாரிடம் என் வேண்டுகோள்: நீங்கள் நின்று உழைத்த அந்தக் கரையை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதே கடல் மீனை நம்பி 7000 ஆண்டுகளுக்கு முன்பே குடும்பம் நடத்தியவர்களின் கைவேலையையும் கூடவே காட்டுங்கள். அந்தப் படகுக்காரருக்கும் உங்கள் அப்பாவுக்கும் ஒரே கடல்தான் சோறு போட்டது என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட நல்ல இடம் எது?

போகும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய புகைப்படங்களில் இந்த உருவங்கள் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு பழங்காலத்தது அல்ல. பார்க்க வருகிறவர்களுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பூசியது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் சாயம் பூசுகிறவர் எந்தக் கோட்டைக் கோடு என்று நினைத்தாரோ அதுதானே நமக்குத் தெரியும்? அவர் கண்ணுக்குத் தப்பியது நம் கண்ணுக்கும் தப்பிவிடும். அதனால் பிறகு அந்தச் சாயத்தைப் பொறுமையாக அகற்றத் தொடங்கினார்கள். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இதனால் நமக்கு ஒரு சிரமம் உண்டு. சாம்பல் நிறப் பாறையில் சாம்பல் நிறக் கோடு. "ஒன்றுமே தெரியலையே" என்று பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் காரைப் பார்ப்பார்கள். பெரியவர்களும்தான். அவசரப்படாதீர்கள். சூரியன் தாழ்ந்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரம் பாருங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் கோடு விழும். முதலில் ஒரு கொம்பு தெரியும், பிறகு ஒரு கால், கொஞ்ச நேரத்தில் முழு மந்தை. கல்லால் கல்லைக் கொத்தியவரின் ஒவ்வொரு கொத்தும் சிறு புள்ளியாகத் தெரியும் அளவுக்குக் கண் பழகிவிடும். வீட்டில் பரீட்சைக்கும் போனுக்கும் நடுவே பிள்ளைகள் ஒரே பொருளை அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது?

மே முதல் அக்டோபர் வரை போகலாம். மற்ற மாதங்களில் பாறைகள் பனிக்கடியில் இருக்கும். அருங்காட்சியகத்திலிருந்து பாறைகளின் ஊடே மரப்பாதை போட்டிருக்கிறார்கள், பெரியவர்களையும் மெதுவாக நடத்திக் கூட்டிப் போகலாம். பாதையை விட்டு இறங்க வேண்டாம், உருவத்தைத் தொட வேண்டாம், போட்டோவுக்காகப் பாறையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெயில் அடித்தாலும் காற்று குளிரும், விண்ட்சீட்டரும் பிளாஸ்க்கில் டீயும் அவசியம்.

போய் வந்ததும் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டில் முதல் உருவத்தை யார் கண்டுபிடித்தார்கள், அது கரடியா, படகா, மானா என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். பிள்ளைகள் பார்த்து வரைந்த படங்கள் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்