படை பிடித்த காணிக்குக் குத்தகை யார் தருவது?

ஈழத்து வலிகாமத்தில் படை வளைத்துக்கொண்ட நிலங்களைப் பற்றி நம் செய்தித்தாள்கள் எழுதும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: இத்தனை ஏக்கர் விடுவிக்கப்பட்டது, இத்தனை ஏக்கர் எஞ்சியுள்ளது. 'விடுவித்தல்' என்னும் அச்சொல்லே நமக்கு உவப்பாயில்லை. அயலான் மாட்டைப் பத்தாண்டு கட்டி உழுதவன், அது கிழமாடான பின் அவிழ்த்துவிட்டால், விடுதலை தந்தான் வள்ளல் என்று கைகொட்டுவோமா? உழுத கூலி எங்கே என்று கேளோமா? அக்கேள்வியையே ஈண்டு எழுப்புகின்றோம்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தார்க்குக் குத்தகை இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. கரிசற்காட்டைப் பருத்திக்கு விடினும், தோட்டத்தை மிளகாய்க்கு விடினும், எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், எந்நாள் திருப்பித் தருவது என்னும் மூன்றையும் பேசி முடித்த பின்னரே ஏர் இறங்கும். வெடியாலை உரிமம் பெற்றவர் சிலர் அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகின்றனரே, அது சட்டத்திற்கு மாறான கொடுஞ்செயல். ஏழைத் தொழிலாளர் உயிரைக் குடிப்பது. அக்கள்ளக் குத்தகையிலுங்கூடப் பணம் கைமாறுகின்றது! வலிகாமத்தில் அதுவும் இல்லை.

பலாலி வானூர்தித் தளம் இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கிலேய வான்படைக்கென அமைக்கப்பட்டது. போருக்குப் பின், 1947 திசம்பரில், கொழும்பிலிருந்து அவ்வழியே சென்னைக்கு வானூர்தி பறக்கத் தொடங்கியது. சுற்றிலும் செம்மண் நிலம். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைந்த நிலம். அருகே மயிலிட்டி மீன்துறை. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமைக்காரை ஆலை. 1990 சூன் திங்களில் மீண்டும் போர் மூண்டபோது, தளத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் வெறுமையாயின. உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயரிட்டுப் படை உள்ளே அமர்ந்தது. உடையவன் கையில் ஒப்பந்தத் தாள் ஒன்றும் இல்லை; தொகையில்லை; திருப்பித் தரும் நாளும் இல்லை.

போர் நடக்குங்கால் இஃது இயல்பு என்பார் உளர். ஒப்புக்கொள்வோம். ஆயின் 2009 மே திங்களில் போர் முடிந்தது. அதன் பின் நான்காண்டு கழித்து, 2013இல், வலிகாமத்தில் 6,381 ஏக்கரைப் பொதுத் தேவைக்கென அரசே எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு ஒட்டப்பட்டது. நிலத்திற்கு உரியவர் இன்னாரென்று கண்டறிய முடியவில்லை என்பதும் அவ்வறிவிப்பிற் கூறப்பட்டது. அவ்வுரியவரோ, சில கல் தொலைவிலேயே, மல்லாகத்திலும் கோணாப்புலத்திலும் தகரக் கொட்டில்களில் இருந்தனர்! இரண்டாயிரவர்க்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு மன்றம் ஏறி, 'இதோ இருக்கின்றோம்' என்று தம்மைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் காங்கேசன்துறைக் கடலோரத்தில் படையினர் 'தல்செவன' என்னும் உல்லாச விடுதி நடத்திக்கொண்டிருந்தனர். கீரிமலைப் பக்கம் குடியரசுத் தலைவர்க்கு மாளிகை எழுந்தது. வளைத்த தோட்டங்களிற் படையினரே வேளாண்மை செய்து விளைவை விற்றனர். தையிட்டியில் தனியார் காணியில் விகாரை எழும்பிற்று. பாதுகாப்புக்கென எடுத்த நிலத்தில் விருந்தினர் அறைக்கும் காய்கறிப் பாத்திக்கும் என்ன வேலை?

ஞாலத்தின் தென்கோடியிலும் இதே கதை நடந்துள்ளது. நியூசிலாந்தில் மாவோரியர் என்னும் தொல்குடியினர்க்குரிய இராக்லன் கடற்கரை நிலத்தை, 1941இல், போர்க்கால வானூர்தித் தளம் அமைக்கவென அரசு எடுத்தது. போர் ஓய்ந்தது; நிலம் திரும்பவில்லை. பின்னாளில் அதன்மேல் குழிப்பந்தாட்டத் திடல் அமைத்தனர். மாவோரியர் தம் முன்னோரைப் புதைத்த இடமும் அவ்வாட்டத் திடலுக்குள் அகப்பட்டது. ஈவா இரிக்கார்டு என்னும் பெண்மணி 1978இல் தம் மக்களுடன் அத்திடலில் அமர்ந்து தளைப்படுத்தப்பட்டார். 1980களில் நிலம் மீண்டது. பலாலியின் விடுதிக்கும் இராக்லன் பந்துத் திடலுக்கும் என்ன வேற்றுமை?

இதனினும் நாம் ஊன்றி நோக்கத் தக்கது, அந்நாட்டுத் தாரநாக்கி வட்டாரத்துக் கணக்கு. அங்கே 1860களில் போர்க்கால நடவடிக்கையாகப் பறித்த நிலத்தில் ஒரு பகுதியை 1881ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவோரியர்க்கு ஒதுக்கினர். ஒதுக்கியதையும் உடையவன் கையிற் கொடுத்தாரல்லர். பொதுப் பொறுப்பாளர் என்னும் அரசு அலுவலர் ஆளுகைக்குள் வைத்தனர். 1892 முதல், வெள்ளைக் குடியேறிகட்கு 21 ஆண்டுக் குத்தகை. அவர்கள் வேண்டும்வரை புதுப்பித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. குத்தகையோ மேம்படுத்தாத நிலமதிப்பில் நூற்றுக்கு ஐந்து. அதுவும் 21 ஆண்டுக்கு ஒருமுறைதான் திருத்தப்படும். இரண்டு உலகப் போர்களில் விலைவாசி ஏறியபோதும், பின்னர்ப் பன்மடங்கு பெருகியபோதும், உடையவர்க்கு அந்தப் பழைய காசுதான். 1920இல் தொல்குடியினர்க்கெனத் தனிப் பொறுப்பாளரை அமர்த்தினர். குத்தகை முறை மாறவில்லை. 1997இற்றான் சந்தை மதிப்பில் குத்தகை பெறவும் ஏழாண்டுக்கு ஒருமுறை திருத்தவும் சட்டம் வந்தது.

கொடுமைதான். எனினும் அங்கே ஏடு இருந்தது. இன்ன நிலம், இன்னார் பங்கு, இவ்வளவு குத்தகை என்று பதிந்த ஏடு இருந்தமையாற்றான், பேரன் காலத்தில் வைதாங்கி நடுவத்தின் முன் நின்று, இவ்வளவு குறைத்துக் கொடுத்தீர் என்று வழக்காட முடிந்தது. வலிகாமத்தில் அவ்வேட்டையேனும் திறக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மீட்பது ஒன்று, கணக்குத் தீர்ப்பது மற்றொன்று. முன்னது நடந்தாற் பின்னதை மறந்துவிடுதல் கூடாது. இந்திய நாட்டுச் சட்டமே, 1952ஆம் ஆண்டுச் சட்டம், அரசு தன் தேவைக்கு ஒருவன் நிலத்தையோ வீட்டையோ சிறிது காலம் எடுத்தால், குடிக்கூலிக்கு நிகரான தொகையைத் தவணைதோறும் தரல் வேண்டும் என்கின்றது. அந்நெறி இலங்கைக்கு மட்டும் ஒவ்வாதோ? இதே நெறி, 1990 அக்டோபரில் புலிகளால் யாழ்ப்பாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முசுலீம் மக்களின் காணிக்கும் உரியது. சிலர்க்கு இது கசக்கும், கசக்கட்டும்.

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். 2025 மார்ச்சு 28இல், வடமாகாணத்தில் 5,940 ஏக்கர் அளவிலான நிலத்திற்கு மூன்று திங்களுக்குள் உரிமை கோருக, இன்றேல் அரசு நிலமாகும் என்னும் கருத்தில் இலங்கை அரசிதழில் அறிவிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பிற்று, உச்ச நயன்மன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஆயின் மூன்று திங்கள் என்னும் கத்தி உறையிலேதான் இருக்கின்றது. குல்லூர்சந்தை முகாமிலும் ஆனைக்குட்டம் முகாமிலும் பல்லாண்டாக வாழ்வோர்க்கு அவ்வரசிதழ் எப்போது கண்ணிற்படும்? கடவுச்சீட்டின்றி எங்ஙனம் போய்க் கோருவர்? 2021இல் தமிழ்நாட்டரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது நன்றே. பெயர் மாற்றத்தால் காணி காக்கப்படாது.

நில ஆவணத்தை ஈழத்தார் 'உறுதி' என்பர். எத்துணைப் பொருத்தமான சொல்! 'காணி' என்பதும் சோழர் கல்வெட்டிற் பயிலும் தொல்சொல். நாம் மறந்ததை அவர் மறவாதிருக்கின்றனர். என்னிடம் பயின்ற முகாம் மாணவர் சிலருடைய பெற்றோர், உறுதியின் படியை நெகிழிப் பையிற் சுற்றிப் பெட்டியடியில் வைத்திருக்கக் கண்டுள்ளேன். படியும் இல்லாதார் பலர்; வேலியோரப் பூவரசும் கிணறும் மட்டுமே அவர்க்குச் சான்று. மலையகத்து வழிவந்தோர் சிலர்க்குத் தொடக்கத்திலேயே சொந்த நிலமில்லை. அவர் குறை வேறு, அதைத் தனியே எழுதல் வேண்டும்.

ஆகலின் தமிழ்நாட்டரசு முகாம்தோறும் ஒரு பதிவேடு திறக்க வேண்டும். உரியவர் பெயர், ஊர், காணியின் நான்கெல்லை, வெளியேறிய நாள், கையிலுள்ள தாள்களின் படி, ஊரறிந்த முதியோர் இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றை வட்டாட்சியர் முன்னிலையிற் பதிந்து, ஒரு படியை உடையவர்க்கும் மறுபடியை ஆவணக் காப்பகத்திற்கும் தருதல் வேண்டும். இதற்குத் தில்லியின் இசைவு வேண்டுவதன்று. எழுத்தரும் தாளும் போதும். அரசு தொடங்கும்வரை நாம் கைகட்டியிருத்தலும் வேண்டா. நம் வட்டாரத்து ஆவண எழுத்தரும், ஓய்வுபெற்ற நில அளவரும், ஆசிரியரும் ஞாயிறுதோறும் இரண்டு மணிநேரம் ஒதுக்கினால் இவ்விரு முகாம்களின் வாக்குமூலங்களையும் எழுதி முடித்துவிடலாம். 1990இல் நாற்பது அகவையில் இருந்தவர்க்கு இப்போது எழுபத்தைந்து. எல்லை சொல்ல வல்ல முதியோரை முதலிற் கேட்டெழுதுக.