எண்ணெய்த் தொழிலில் நாம் கைகள் மட்டும்தானா?

“பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, இனி என்ன கவலை?” என்று பெருமையோடு கேட்கும் பெற்றோர் காரைக்குடியிலும் இளையான்குடியிலும் இன்றும் குறையவில்லை. கவலை அங்கேதான் தொடங்குகிறது என்கிறோம் நாம்.

சபுரை நாம் இழிவுபடுத்தவில்லை. வளைகுடாப் பணம் நம் வீடுகளில் அடுப்பெரித்தது, குமர்களைக் கரையேற்றியது, பள்ளிவாசல்களை எழுப்பியது. இரும்பை வளைத்துக் கவசம் செய்த தாவூது நபி (அலை) அவர்களை மதிக்கும் நாம், வெல்டரின் கையையும் மதிக்கிறோம். நம் கேள்வி வேறு. பாட்டனார் ஹெல்ப்பராகப் போனார். தகப்பனார் ஃபிட்டராகப் போனார். பேரனும் அதே ஏஜெண்டின் வாசலில் நிற்க வேண்டுமா? குழாயைப் பற்றவைக்கும் நம் பிள்ளை, அக்குழாய் எங்கே போக வேண்டும் என்று வரைபவனாக ஏன் ஆகவில்லை?

“அதெல்லாம் நமக்கு எட்டுமா?” என்பார் உளர். அவர்கள் சவூதி அரேபியாவின் அலீ அந்நுஐமீயின் வரலாற்றை அறியட்டும். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். 1947-ல், பன்னிரண்டு வயதில், அராம்கோ நிறுவனத்தில் அலுவலகப் பையனாகச் சேர்ந்தார். நிறுவனமே அவரைப் படிக்கவைத்தது, அமெரிக்காவுக்கும் அனுப்பியது. 1962-ல் லீஹை பல்கலைக்கழகத்திலும் 1963-ல் ஸ்டான்ஃபோர்டிலும் பட்டம் பெற்றார். 1984-ல் அந்நிறுவனத்தின் முதல் சவூதித் தலைவரானார். 1995 முதல் 2016 வரை நாட்டின் எண்ணெய் அமைச்சராக இருந்தார். இது அதிர்ஷ்டமா? அன்று! பணமும் பொறுமையும் கொட்டி ஆளை உருவாக்கியதன் விளைவு. 1963-ல் தஹ்ரானில் பெட்ரோலியக் கல்லூரி தொடங்கியதும் அதே நோக்கத்தால்தான். அவர்கள் தம் மக்களை ஆயத்தம் செய்தார்கள். 2011-ல் ‘நிதாகாத்’ திட்டத்தால் வேலைகளில் அவர்களுக்கு முன்னிடமும் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நாம் என்ன ஆயத்தம் செய்தோம் என்பதே கேள்வி.

“இது துன்யாக் கல்வி; மார்க்கத்துக்கு இதில் என்ன வேலை?” என்போருக்கும் விடை உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா என்றார்கள், உழவையும் நெசவையும் அதில் சேர்த்தார்கள். முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்களில் எல்லோரும் ஃபிக்ஹு வாதங்களில் முண்டியடிப்பதைக் கண்டித்தார்கள். சிலர் செய்தால் அனைவர் கடமையும் நீங்கும். எவருமே செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். ‘நஃப்த்’தைக் காய்ச்சி வடிக்கும் முறையை அபூபக்ர் அர்ராஸீ எழுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவோர், அவ்வழியில் ஒரு மாணவனையேனும் அனுப்பியதுண்டா?

வழிகாட்டியைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பது அங்கே ஆராயப்படும் பொருள்களில் ஒன்று. எண்ணெய்க் குழாய்க்கும் தொட்டிக்கும் கடல் மேடைக்கும் முதற்பகை அத்துருவே. அக்கலையின் வாசலைக் கடந்துதான், அதே குழாய்களுக்குப் பெயிண்ட் அடிக்க நம் பிள்ளைகள் விமானம் ஏறப் போகிறார்கள்!

“எண்ணெய்க் காலமே முடியப்போகிறதே” என்பதும் ஒரு வாதம். முடியட்டும். வேதியியலும் உலோகமும் பாதுகாப்பு முறையும் கற்றவன் நாளை ஹைட்ரஜனுக்கும் மின்கலத்துக்கும் மாறிக்கொள்வான். கைப்பழக்கம் ஒன்றையே நம்பியவன் எங்கே மாறுவான்?

ஆகவே ஜமாஅத்துகளுக்கும் சபுராளிச் சங்கங்களுக்கும் மூன்று சொல்கிறோம். ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லாமல் எந்த இளைஞனையும் விமானம் ஏற்றாதீர்கள். ஆண்டுக்கு ஒருவரை, ஆணாயினும் பெண்ணாயினும், வேதிப் பொறியியலோ பெட்ரோலியப் பொறியியலோ இறுதிவரை படிக்கவையுங்கள். ஒரு ஆடம்பர வலீமாவின் செலவு அதற்குப் போதும். ஃபோர்மேனாகவும் சூப்பர்வைசராகவும் இருந்து ஊர் திரும்பிய பெரியவர்களைத் திண்ணையில் உட்காரவிடாமல் ஆசிரியர்களாக்குங்கள். ஆட்களை நடத்தும் கலையும் ஆபத்தைத் தவிர்க்கும் கலையும் அவர்களிடம் உண்டு.

மினாராக்கள் உயர்ந்துவிட்டன. இனி மனிதர்கள் உயரட்டும். வல்ல நாயன் அதற்குத் துணை நிற்பானாக!