கனக்கும் ஸ்டீயரிங்கைப் பிரிப்பதற்கு முன்

காரைக்கால் போன்ற கடலோர ஊரில் பல வருடம் ஓடிய காரின் ஸ்டீயரிங் ஒருநாள் கனக்கத் தொடங்கினால், பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ரேக் போயிடுச்சு, முழுசா மாத்திடுங்க." புது ரேக் கடையில் கிடைக்கிற காருக்குச் செலவோடு விஷயம் முடிந்துவிடும். உற்பத்தி நின்று பல வருடமாகிவிட்ட ஸ்போர்ட்ஸ் காரை ஆசையோடு வைத்திருப்பவருக்கு அப்படி முடியாது. இருக்கிற ரேக்கைப் பிரித்துப் புதுப்பிப்பதுதான் அவருக்குள்ள வழி.

இந்த வேலையைச் செய்ய முடியும். ஆனால் தேய்ந்த இரும்புப் பாகங்களை மட்டும் மாற்றிவிட்டு, மின்சாரப் பகுதியையும் உணரியையும் கவனிக்காமல் விட்டால் அது பாதி வேலை. பாதி வேலை செய்த ஸ்டீயரிங், பழுதான ஸ்டீயரிங்கைவிட ஆபத்தானது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

பவர் ஸ்டீயரிங் நீண்ட காலம் எண்ணெயால் இயங்கியது. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த அந்த ஏற்பாட்டில், எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தும். அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். நேர்ச் சாலையில் உதவியே தேவைப்படாதபோதும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் மின்மோட்டார் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. தேவைப்படும் நேரத்தில் மட்டும் மின்சாரம் எடுத்தால் போதும் என்றானது. 1990-இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காரின் தானியங்கி கியர் வகையில் மோட்டார் ரேக்கின் மீதே வந்து உட்கார்ந்தது. 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரும் அதே வழியில் போனது.

இந்த இரண்டு கார்களிலும் அடிப்படை ஒன்றுதான். ஸ்டீயரிங் தண்டின் அடியில் பினியன் என்ற சிறு பல்சக்கரம். அது, பல் வெட்டிய நீண்ட இரும்புக் கோலை இடமும் வலமுமாக நகர்த்தும். அந்தக் கோல்தான் ரேக். அதன் இரு முனையிலும் டை ராட்; அவை சக்கரங்களைத் திருப்புகின்றன. பினியனுக்கு மேலே டார்ஷன் பார் என்ற மெல்லிய எஃகுத் தண்டு இருக்கிறது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, ஈரத்துணியைப் பிழிவது போல அது சில பாகை முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கியது, எந்தப் பக்கம் முறுக்கியது என்பதை ஓர் உணரி அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். காரின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் தருவது என்று பெட்டி முடிவு செய்யும். நிறுத்துமிடத்தில் அதிக உதவி, வேகமாகப் போகும்போது குறைந்த உதவி.

இதிலிருந்தே ஒரு பயம் தீர்ந்துவிடுகிறது. மோட்டார் நின்றுபோனால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு அறுபடாமல் இருக்கிறது. உதவி போய்விடும், கை வலிக்கும், ஆனால் கார் திரும்பும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் பதறாமல், வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டலாம்.

அடுத்த தெளிவு, மோட்டார் எங்கே இருக்கிறது என்பது. காரைக்கால் தெருக்களில் நாம் அதிகம் பார்க்கும் ஆல்டோ, வேகன்ஆர், ஐ10 போன்ற சின்னக் கார்களில் மோட்டார் டாஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டீயரிங் தண்டின் மேல் இருக்கிறது. கீழே இருக்கும் ரேக் வெறும் இரும்புதான். இப்படிப்பட்ட காரில் மின் உதவி நின்றதற்கு ரேக்கை மாற்றினால், பழுது மேலே அப்படியே இருக்கும், பணம் மட்டும் போகும். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே மோட்டார் ரேக்கில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2002-இல் வந்த முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4 காரில் மோட்டார் தண்டின் மேல்தான் இருக்கிறது. என்எஸ்எக்ஸ், எஸ்2000 போன்றவற்றில்தான் அது கீழே, முன்சக்கரங்களுக்கு நடுவில், மழைநீரும் மணலும் தெறிக்கிற இடத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் காரில் மோட்டார் மேலேயா, கீழேயா என்று கேட்காமல் எந்த மதிப்பீட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கீழே இருக்கும் மோட்டாருக்கு நம் ஊர் கடினமான ஊர். ஒரு பக்கம் வங்கக் கடல். நிலத்தை அறுத்துக்கொண்டு அரசலாறும் திருமலைராஜன் ஆறும் மற்ற கிளைகளும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும். மீன் ஏற்றிய வண்டிகளிலிருந்து ஐஸ் கரைந்த உப்புநீர் சாலையில் சொட்டிக்கொண்டே போகும். பின்னால் வருகிற காரின் அடிப்பாகத்தில் அதுதான் படிகிறது.

உப்பு ரேக்குக்குள் போகும் வழி, இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட். ரேக் ஒரு பக்கம் நகரும்போது ஒரு பூட் சுருங்கும், மற்றது விரியும். விரிகிற பூட்டில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தால் போதும்; ஒவ்வொரு திருப்பத்திலும் உப்பு ஈரம் கலந்த காற்றை அது உள்ளே இழுக்கும். கிரீஸ் கெட்டுச் சேறாகும். கோலில் துரு பிடிக்கும். சில நூறு ரூபாய் ரப்பரைக் கவனிக்காததால், விலைக்கே கிடைக்காத ரேக் பாழாகிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் காரைத் தூக்கி, பூட்டை விரித்து, மடிப்புகளுக்கு நடுவே பார்ப்பது இங்கே அவசியமான பராமரிப்பு.

ரேக்கைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் இன்னும் எளிமையானவை. டயரில் காற்று சரியா? தண்டின் நடுவே இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா? பேட்டரி நன்றாக இருக்கிறதா? எர்த் கம்பி பாடியோடு சேரும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா?

கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது மோட்டார் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். துருவேறிய ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால்கூட, அங்கேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். 80 வாட் வெப்பம் அந்த ஒரே இடத்தில் கிளம்பும். மோட்டாருக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காததால் கட்டுப்பாட்டுப் பெட்டி உதவியை நிறுத்திவிடும். டாஷ்போர்டில் விளக்கு எரியும். ரேக்கில் எந்தக் குறையும் இருக்காது. எஞ்சின் ஓடும்போது, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீட்டையும் அழிப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, பழுது ரேக்கில்தான் என்று உறுதியான பிறகு பிரிக்கலாம். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் சுழலாதபடி கட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். தண்டு தன்போக்கில் சுழன்றால், ஏர்பேக் உள்ள காரில் ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கும் மின்நாடா அறுந்துபோகும். திறப்பதற்கு முன் வெளிப்புறத்தை முழுவதும் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் செய்த வேலை வீண்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது கோலை. புஷ்ஷும் சீலும் உரசுகிற இடத்தில் துரு குழி குழியாக அரித்திருந்தால் அந்தக் கோலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்க முடியாது. மோட்டார் ரேக்கின் மீதே இருக்கும் சில வகைகளில் இன்னொரு நுட்பம் உண்டு. மோட்டார் கோலைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கிறது. மோட்டாரின் சுழற்சியைக் கோலின் நகர்வாக மாற்றுவது பால் ஸ்க்ரூ: கோலில் வெட்டிய சுருள் பள்ளத்திலும் அதைச் சுற்றிய நட்டிலும் எஃகு குண்டுகள் உருண்டு ஓடும். அந்தக் குண்டுகள் ஒரே அளவில் பொறுக்கிச் சேர்க்கப்பட்டவை. ஒன்று தொலைந்ததென்று கடையில் கிடைத்த வேறு குண்டைப் போட்டால், சுமை முழுவதும் ஓரிரு குண்டுகள் மேல் விழும். மாற்றுவதானால் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக மாற்ற வேண்டும். பள்ளத்தில் குழி விழுந்திருந்தால் அந்த ஸ்க்ரூவை விட்டுவிட வேண்டியதுதான்.

புஷ், சீல், பினியன் பேரிங், ரேக் எண்ட், பூட் எல்லாம் தயங்காமல் புதிதாகப் போட வேண்டியவை. பிரஷ் வகை மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும், அதன் பொடி உள்ளே படியும், இரண்டையும் சரிசெய்யலாம். சுத்தியல் மட்டும் கூடாது, உள்ளே இருக்கும் காந்தம் விரிசல் விட்டுவிடும். கிரீஸைத் தயாரிப்பாளர் சொன்ன வகையில்தான் போட வேண்டும்.

அடுத்தது, பலரும் தவறு செய்கிற இடம். கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரேக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். ஓரத்துப் பற்கள் புதிதாகவே இருக்கும். நடுவில் உள்ள பிளேயை, அதாவது தளர்வை, குறைக்க, ரேக்கைப் பினியனோடு அழுத்தும் அட்ஜஸ்டர் நட்டை இறுக்கினால், நடுவில் சரியாகும்; ஓரத்தில் பிடிக்கும். திரும்பி முடித்த பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. ஆகவே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நகர்த்தி, எங்கும் பிடிக்காத அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும். அப்படியும் நடுவில் பிளே மிஞ்சினால் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அதற்கு இறுக்கம் மருந்தல்ல.

இனி உணரி. முறுக்கத்தை அளக்கும் இந்தப் பகுதியில் சில வகைகளில் சுருள்கள் இருக்கும், சிலவற்றில் காந்தம் இருக்கும். எதுவானாலும், கையில் முறுக்கம் இல்லாதபோது அது பூஜ்யம் காட்ட வேண்டும். பிரித்துச் சேர்த்ததில் அந்தப் பூஜ்யம் சற்று விலகிவிட்டால், ஓட்டுநர் திருப்பாதபோதே அவர் திருப்புவதாகப் பெட்டி நம்பிவிடும். மோட்டார் தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். பாதி வேலை ஆபத்து என்று முதலில் சொன்னதன் காரணம் இதுதான். உணரியைக் காரணமின்றித் திறக்கக் கூடாது. அதைத் தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும், ரேக்கைப் பூட்டிய பிறகு அந்தக் காருக்கு விதித்த முறைப்படி நடுநிலையைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குரிய கருவியோ செயல்முறைக் குறிப்போ இல்லாத பட்டறை இந்த வேலையை எடுக்கக் கூடாது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டீயரிங்கில் பிளே 30 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறது. பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 30 பாகை என்பது ஸ்டீயரிங்கின் விளிம்பில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அது சட்டத்தின் கடைசி எல்லை. நல்ல ரேக்கில் அதில் சிறு பங்குகூட இருக்காது. தகுதிச் சான்றில் தேறிவிட்டது என்பதற்காகத் தேய்ந்த ரேக் நல்லதாகிவிடாது. டை ராட்டில் வெல்டிங் வைப்பது, வளைந்ததைச் சூடுகாட்டி நிமிர்த்துவது ஆகியவற்றை எந்தச் சூழலிலும் ஏற்கக் கூடாது.

புதுப்பிப்பதற்குப் பதில் சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தையில் பழைய ரேக் ஒன்றை வாங்கிப் போடலாமே என்ற யோசனை வரும். போடலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. 2015-லும் 2023-லும் சென்னையில் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட காரிலிருந்து வந்த மோட்டார் மேலே பளபளப்பாகவும் உள்ளே துருவோடும் இருக்கலாம். வாங்கினாலும் அதையும் பிரித்துப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

இந்தத் தொழில் நமக்கு அந்நியமானதல்ல. ஸ்டீயரிங் பாகங்களைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் ரானே (மெட்ராஸ்) சென்னையைச் சேர்ந்த நிறுவனம். நம் புதுச்சேரிப் பகுதியின் திருபுவனையிலேயே அதற்கு ஆலை இருக்கிறது. செய்யும் திறமை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, பழுது பார்க்கும் திறமை மட்டும் காரைக்காலில் வளராமல் இருக்கக் காரணமில்லை. இங்குள்ள ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் மின் ஸ்டீயரிங்கைப் பிரித்துச் சோதிக்கும் குறுகிய காலப் பயிற்சியைப் பட்டறைக்காரர்களுக்கு நடத்தலாம். இரும்பு வேலையில் அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மின்னளவும் உணரிச் சீரமைப்பும்தான் தேவை.

கார் வைத்திருப்பவர் பட்டறையில் கேட்க வேண்டியவை நான்கு. பிரிப்பதற்கு முன் எடுத்த மின்னழுத்த அளவும் பிழைக் குறியீடும் எழுத்தில் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். உணரியின் நடுநிலை பதிவு செய்யப்பட்டதற்கும், வீல் அலைன்மென்ட் செய்ததற்கும் அச்சிட்ட தாள் வேண்டும். கடைசியாக, நீங்களே உடன் உட்கார்ந்து, மெதுவான வேகத்தில், ஆளில்லாத சாலையில் இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் காரை எடுத்து வர வேண்டாம். ரேக் எவ்வளவு அரியது என்பதைவிட, அதை நம்பி உள்ளே உட்காருபவரும் எதிரே சைக்கிளில் வருபவரும் பெரியவர்கள்.