வீலுக்கு எதற்கு ஆசிட் குளியல்?

அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைத்திருந்தால் பூலாம்பாடியில் எந்த வீட்டிலும் திட்டு விழும். சட்டி அரித்துப் போகும் என்பது பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கும் தெரியும். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய காரை வாட்டர் வாஷுக்கு விட்டால் கதையே வேறு. புளியைவிடப் பல மடங்கு கடுமையான ஆசிட்டை அலாய் வீலில் ஊற்றித் தேய்த்தாலும் யாரும் திட்டுவதில்லை. "புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று டிப்ஸ் வேறு!

அலாய் வீல் ஒன்றும் தேவலோக உலோகம் அல்ல. பெரும்பகுதி அலுமினியம், கூடக் கொஞ்சம் சிலிக்கான், மக்னீசியம். அதன் மேல் பெயிண்ட், அதற்கும் மேல் கண்ணாடி போல கிளியர் கோட். ஷோரூமில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு அந்த மேல்பூச்சுதான். அதன் தடிமன் ஒரு மயிரிழை அளவு. அது போனால் உள்ளே இருப்பது வெறும் அலுமினியம். ஆசிட்டிலும் கரையும், காஸ்டிக் சோடா மாதிரியான காரத்திலும் கரையும்.

அப்படி என்னதான் கறை? முதல் எதிரி பிரேக். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் டிஸ்க்கிலிருந்து இரும்புத் துகளும் பேடிலிருந்து கரியும் சூடாகத் தெறித்து வீலில் ஒட்டுகின்றன. மழைத் தண்ணீர் பட்டதும் அந்த இரும்பு துருப்பிடித்துப் பழுப்பாகிறது. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கு என்பதால்தான் முன் வீல் பின் வீலைவிடக் கறுத்துக் கிடக்கிறது. இரண்டாவது, போர் தண்ணி. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், தண்ணீர் காய்ந்ததும் வெள்ளை வளையமாக நின்றுவிடுகின்றன. மூன்றாவது, ரோட்டுத் தார். நான்காவது, பக்கத்து மாவட்டத்தின் சொத்து. 1979இல் அரசு சிமென்ட் ஆலை வந்த அரியலூரில் இன்று தனியார் ஆலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. சிமென்ட் லாரிக்குப் பின்னால் போகிற காரில் படியும் தூசி, ஈரம் பட்டால் காரமாகி இறுகிவிடும்.

ஆக, கறை நான்கு விதம். குணமும் நான்கு விதம். மருந்து மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றால் அதற்குப் பெயர் வைத்தியமா?

ஆசிட் போட்டால் கறை போகாதா என்று கேட்பார்கள். போகும், ஐந்தே நிமிடத்தில் போகும். கூடவே கிளியர் கோட்டும் கொஞ்சம் போகும். கல் அடித்துக் கீறல் விழுந்த இடத்தில் ஆசிட் உள்ளே இறங்கிவிட்டால், சில மாதங்களில் பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போல அரிப்புக் கோடுகள் ஓட ஆரம்பிக்கும். டயர் உட்காரும் விளிம்புவரை அரிப்பு போனால் காற்றும் நிற்காது. அப்புறம் பஞ்சர் கடையில் போய் டயரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

வீலாவது காசு கொடுத்தால் புதிதாகக் கிடைக்கும். அதைத் தேய்க்கும் பையனின் கை?

சில வீல் கிளீனர்களிலும் லாரிகளுக்கான அலுமினியம் பிரைட்னர்களிலும் ஹைட்ரோபுளோரிக் ஆசிட்டோ, அதையே உண்டாக்கும் அமோனியம் பைபுளோரைடோ இருக்கும். இது சாதாரண ஆசிட் போல இல்லை. நீர்த்ததாக இருந்தால் பட்டவுடன் எரியக்கூட எரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வலி. அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பையே கெடுக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை கார், லாரி கழுவும் தொழிலாளர்களில் 48 பேருக்கு இந்த ஆசிட்டால் காயம் என்று இழப்பீட்டுப் பதிவுகளிலேயே இருக்கிறது. அவர்களில் 7 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கையுறையும் இழப்பீடும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. வெறுங்கையோடு, ரப்பர் செருப்போடு நிற்பவனுக்கு எந்தப் பதிவேடு?

உச்ச நீதிமன்றம் 2013இல் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், கடைக்காரர் விவரம் எழுதி வைக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கவே கூடாது. முகத்தில் வீசும் ஆசிட்டுக்காக வந்த உத்தரவு அது. தினமும் கையில் படும் ஆசிட்டைப் பற்றி எவருக்கும் கவலை இல்லை என்பதுதான் வேதனை.

இதில் பையனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கார்கள் வரிசையில் நிற்கும். "சீக்கிரம் முடிப்பா" என்பவரும், இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுபவரும் கார்க்காரர்தான். அந்த அவசரத்துக்கு ஆசிட்டைத் தவிர வேறு எது ஈடு கொடுக்கும்?

சரியான வழி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வீல் ஆறும்வரை பொறுக்க வேண்டும். சூட்டில் எதைப் போட்டாலும் காய்ந்து கறையாகும். முதலில் வெறும் தண்ணீர், பிறகு கார் ஷாம்பு, மெல்லிய பிரஷ். தாருக்குத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து உடனே ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும். இரும்புக் கறைக்கென்றே ஆசிட் இல்லாத ஐயர்ன் ரிமூவர் விற்கிறது. இரும்பு பட்ட இடத்தில் ஊதா நிறமாகி, கழுவினால் ஓடிவிடும். கடைசியாக, தண்ணீர் காய்வதற்குள் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். போர் தண்ணிக் கறைக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

பூச்சே உரிந்துவிட்ட வீலுக்கு எந்தக் கிளீனரும் உதவாது. பழைய பூச்சை முழுதும் எடுத்து, அரிப்பைச் சுத்தம் செய்து, பிரைமர், பெயிண்ட், கிளியர் கோட் என்று முறையாக அடிக்க வேண்டும். அதற்கு முன் விரிசல் இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். விரிசலின் மேல் பெயிண்ட் அடித்து மறைத்த வீல், நாற்கர சாலையில் வேகமாகப் போகும்போது உயிருக்கே உலை வைக்கும்.

பக்கத்து அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்பவர்கள் எல்லா வேலையையும் ஒரே உளியால் முடிப்பதில்லை. அந்தச் சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மா இல்லை. வேலைக்குத் தகுந்த கருவி, அதற்குரிய நேரம். வாட்டர் வாஷுக்கும் அதே நியாயம்தான்.

அடுத்த முறை சாவியைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும் கார்க்காரர்கள்: "அந்த கேன்ல என்ன இருக்கு தம்பி?" பெயர் இல்லாத கேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகட்டும். பத்துப் பேர் திருப்பினால் பதினோராவது ஆள் வரும்போது ஷாம்பு தயாராக இருக்கும்.