மேலுலகத்தில் யாருக்கு யார் உறவு?

நாமகிரிப்பேட்டைக்கு நாம் சமீபத்தில் போயிருந்தபோது, மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் நம்மைப் பார்க்க வந்தார். அவரும் அவருடைய மனைவியாரும் சில வருஷங்களுக்கு முன் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு கிடந்த சமயத்தில் அண்டை வீட்டாரும் எட்டிப் பாராதபோது, வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அந்த மதத்தார்தான் என்று காரணமும் சொன்னார். அதில் நாம் குற்றம் காணவில்லை. ஆனால் அவர் மனதில் ஒரு முள் தைத்திருந்தது. அவருடைய தாயார் அவர் மதம் மாறுவதற்கு முன்பே காலமாகி விட்டார். "செத்த பிறகு எங்கம்மாவைப் பார்ப்பேனுங்களா?" என்று ஓர் உபதேசியாரைக் கேட்டாராம். ஞானஸ்நானம் பெறாமல் செத்தவருக்கு நரகந்தான் என்று பதில் வந்ததாம்.

"அப்பன் செத்தப்புறம் மரவள்ளிக் காட்டுல கூலி செஞ்சு என்னை வளர்த்தவங்க அவங்க. அவங்க இல்லாத மோட்சத்துல நான் போய் என்னத்தைப் பண்றதுங்க?" என்று நம்மிடம் கேட்டார்.

படித்த பாதிரிமார்கள் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கும் ஒரு விஷயத்தை இந்தத் தோழர் ஒரே கேள்வியில் உடைத்து விட்டார் என்பது நம் அபிப்பிராயம். ஆகவே இதைச் சற்று விவரமாகவே ஆராய்வோம்.

செத்த பின் மனித உறவு என்னவாகும் என்ற கேள்வி இயேசுநாதரிடமே கேட்கப்பட்டதாக மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷங்களும் சொல்லுகின்றன. செத்தவர் எழுந்திருப்பார் என்பதை நம்பாத சதுசேயர் என்ற யூதக் கூட்டத்தார் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏழு சகோதரர்கள், மூத்தவன் பிள்ளையில்லாமல் சாக, அக்கால வழக்கப்படி அவன் மனைவியை அடுத்தவன் கட்டினான், அவனும் செத்தான், இப்படியே ஏழு பேரும் கட்டிச் செத்தார்கள், மேலுலகில் அவள் யாருக்குப் பெண்சாதி? அங்கே கல்யாணமே கிடையாது, எல்லாரும் தேவதூதரைப் போல் இருப்பார்கள் என்பது அவர் சொன்ன பதிலின் சாரம். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவள் ஏழு பேரில் யாருக்குச் சொத்து என்று கேட்டார்களே தவிர, அந்த ஏழு பேரில் யாரை அவள் விரும்பினாள், அல்லது ஒருவரையாவது விரும்பினாளா என்று கேட்பார் அன்றும் இல்லை. அந்தக் கதையைப் பிரசங்கிப்பவர்களில் இன்றும் அதிகம் இல்லை.

இந்தப் பதிலை வைத்துக் கொண்டுதான் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டாண்டுகளும் கல்யாண பந்தம் சாவோடு தீர்ந்தது என்கிறார்கள். அதனால் விதவை மறுமணம் செய்து கொள்ளத் தடையில்லை. இது நல்ல ஏற்பாடே. நம் வைதிக நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். புருஷன் செத்தும் பந்தம் தீரவில்லை என்று பெண்ணை அவன் சிதையில் ஏற்றியதும், தப்பினவளை மொட்டையடித்து மூலையில் வைத்ததும் யாருடைய மதம்? முன்னதை நிறுத்த 1829லும், விதவை மணத்தைச் சட்டமாக்க 1856லும் சர்க்கார் வர வேண்டியிருந்தது அல்லவா?

நிற்க, கிறிஸ்தவர்களுக்குள்ளேயாவது இந்த விஷயத்தில் ஒற்றுமை உண்டா என்று பார்த்தால், அதுவும் இல்லை. ஸ்வீடன் தேசத்து ஸ்வீடன்போர்க் என்பவர், தாம் மேலுலகைக் கண்டு வந்ததாகவும், அங்கே புருஷன் பெண்சாதி உறவு உண்டென்றும் 1768ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அவரோ பூலோகத்தில் கல்யாணமே செய்து கொள்ளாதவர்! அமெரிக்காவில் தோன்றிய மார்மோன் சபையார், தங்கள் ஆலயத்தில் முத்திரையிட்டு நடத்தும் கல்யாணம் எக்காலத்துக்கும் செல்லும் என்கிறார்கள். மனைவியை இழந்தவன் இரண்டாம் மனைவியோடும் இப்படி நித்திய பந்தம் செய்து கொள்ளலாமாம். உயிரோடிருக்கும் பெண்ணுக்கோ ஒரே புருஷன்தானாம். பூலோகத்தில் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்றிருப்பது மேலுலகத்திலும் அப்படியே இருக்கிறதென்றால், அந்த மேலுலகத்தைக் கட்டினது கடவுளா, ஆண் பிள்ளைகளா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, நம் தோழரின் தாயார் விஷயத்துக்கு வருவோம். இது புதிய துக்கமல்ல. 1542ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரவர்களிடையே வேலை செய்த சவேரியார், 1549ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே மதம் மாறியவர்கள், முன்பே செத்துப்போன தங்கள் தாய் தகப்பன்மாருக்கு இனி விமோசனம் உண்டா என்று கேட்டதாகவும், இல்லையென்று தாம் சொன்னதைக் கேட்டு அவர்கள் அழுததாகவும் அவரே 1552ல் கடிதம் எழுதியிருக்கிறார். நானூற்றெழுபது வருஷத்துக்கு முன் ஜப்பானியன் அழுத அழுகையைத்தான் இன்று நாமகிரிப்பேட்டைத் தோழரும் அழுகிறார்.

அதோடு போயிற்றா? 13ம் நூற்றாண்டின் பெரிய வேத பண்டிதரான தாமஸ் அக்வினாஸ் பெயரால் வழங்கும் போதனைப்படி, மோட்சத்திலிருப்பவர் நரகத்திலிருப்பவரின் வேதனையைப் பார்ப்பார்கள். ஆனால் இரக்கப்பட மாட்டார்கள். அதாவது மகன் மேலே, தாய் கீழே. தாய் வேகிறதைப் பார்த்து மகன் மனம் கலங்காமல் இருக்க வேண்டும். பூலோகத்தில் இப்படி ஒரு மகன் இருந்தால் அவனை மனிதன் என்போமா?

"அதெல்லாம் பழைய கதை, இப்போது அப்படிச் சொல்வதில்லை" என்று சில கிறிஸ்தவ நண்பர்கள் சொல்லுவார்கள். வாஸ்தவம். தம் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்களும் இரட்சிப்பை அடையக் கூடும் என்று 1964ல் வாடிகன் சங்கம் சொல்லி விட்டது. ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுக்கள் லிம்போ என்ற இடத்தில் இருப்பதாக வெகுகாலம் போதித்து வந்ததையும், 2007ல் வாடிகனின் வேதசாஸ்திரக் குழு ஆராய்ந்து, அச்சிசுக்கள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்ப இடமுண்டு என்றது. சந்தோஷம். ஆனால் நாம் கேட்பது இதுதான்: அங்கிருந்து யாராவது வந்து சொல்லி இது மாறிற்றா? இங்கிருந்து யாராவது போய்ப் பார்த்து மாற்றினார்களா? இல்லை. மனிதனுக்கு இரக்கம் வளர வளர, அவன் தன் நரகத்தைச் சுருக்கிக் கொண்டு வருகிறான். அப்படியானால் அந்த இரக்கம் மனிதனுடையது, நரகமும் மனிதனுடையதே.

செத்தவருக்கும் இருப்பவருக்கும் உள்ள உறவைக் காட்டிப் பணம் வாங்குவதும் இரு மதத்திலும் உண்டு. நம்மவர் தெவசத்துக்குப் பார்ப்பானுக்கு அரிசியும் தட்சணையும் கொடுத்தால், கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாவுக்காகப் பூசைக் காணிக்கை கொடுக்கிறார்கள். பாவ மன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டுதான் 1517ல் லூத்தர் கிளம்பினார். வாங்கியவர் இங்கேயே செலவு செய்கிறார். போய்ச் சேர்ந்ததற்கு ரசீது மட்டும் எங்கிருந்தும் வந்ததில்லை.

எல்லாவற்றையும் விட வெட்கக்கேடானது ஒன்றுண்டு. மேலுலகில் எல்லாரும் தேவதூதரைப் போல் சமமாய் இருப்பார்கள் என்பவர்கள், அங்கே போகும் வாசலில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள்? 1623ல் ராபர்ட் டி நொபிலி பாதிரியார் நம் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அதே வருஷத்தில்தான் பூணூலும் குடுமியும் வைத்துக் கொண்டே கிறிஸ்தவனாய் இருக்கலாம் என்று போப்பாண்டவர் அனுமதி கொடுத்தார். அன்று விட்ட சாதி வேர் இன்று கல்லறை வரை ஓடியிருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில், தாழ்த்தப்பட்டவர் பிணத்துக்கும் மற்றவர் பிணத்துக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்து, அதை இடிக்கக் கோரிக் கிளர்ச்சி நடக்க வேண்டியிருந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிச் சண்டை முற்றி, 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. புருஷன் பெண்சாதி உறவு சாவோடு தீருமாம். சாதி மட்டும் செத்த பிறகும் தீராதாம்! இது என்ன நியாயம்?

"துக்கப்பட்டவனுக்கு ஆறுதல் தருவதை ஏன் பறிக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். இது யோக்கியமான கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், திரும்பப் பார்ப்பேன் என்று நம்பிக் கண்ணைத் துடைத்துக் கொண்டால், அவளிடம் போய் வாதாட நாம் தயாராயில்லை. ஆனால் இந்த ஆறுதல் தனியாக விற்கப்படுவதில்லை. பயத்தோடு சேர்த்தே விற்கப்படுகிறது. நம் தோழருக்குத் தாய் செத்தபோது துக்கம் இருந்தது, பயம் இருக்கவில்லை. அவள் எரிகிறாள் என்ற பயம் மோட்சத்தைப் பற்றி உபதேசம் கேட்ட பிறகுதான் வந்தது. வியாதியையும் கொடுத்து மருந்தையும் விற்பவனை வைத்தியன் என்று சொல்ல நம்மால் முடியாது.

அந்தத் தோழருக்கு நாம் சொன்னதையே இங்கும் சொல்லுகிறோம். ஐயா, உங்கள் தாயார் எங்கும் எரியவில்லை. அவர் பட்ட பாடெல்லாம் அந்த மரவள்ளிக் காட்டு வெயிலிலேயே பட்டுத் தீர்ந்தது. அவரோடு உங்களுக்குள்ள உறவு உங்கள் உடம்பிலும், நீங்கள் உழைத்துச் சாப்பிடும் சோற்றிலும், உங்கள் பிள்ளையின் முகத்திலும் இருக்கிறது. அதைத் துண்டிக்க எந்த உபதேசியாருக்கும் அதிகாரமில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளையிடம் வந்து உட்கார்ந்தவர்களை மறக்க வேண்டாம், அவர்களோடு பழகுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அது எந்த மதமானாலும், எந்தச் சாதியானாலும், நீங்களும் போய் உட்காருங்கள். மனித உறவு என்பது அதுதான். அதற்கு மேலுலகம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.