மலைப்பாதைகளில் மவுண்டன் பைக்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மந்தைவெளியை இருப்பிடமாகக் கொண்டு, சைக்கிள் ஓட்டுவதை ஆரோக்கியத்துக்கும் உல்லாசத்துக்கும் உகந்த பழக்கமாகப் போற்றி வரும் எங்கள் சங்கம், நகரைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் அவற்றுக்கு அப்பாலுள்ள மலைகளிலும் பொழுதுபோக்காக மவுண்டன் பைக் ஓட்டுவது குறித்துத் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டிய தருணம் வந்துவிட்டதாகக் கருதுகிறது. அங்கத்தினர்களில் இளைஞர் பலர், பட்டையான டயரும் முன்புறத்தில் சஸ்பென்ஷனும் கொண்ட வண்டிகளை ஆசையோடு வாங்கிவிட்டு, மெட்ரோ ரயில் வேலைக்காகத் தோண்டிப் போட்ட ஆர்.கே. மடம் சாலையின் மேடு பள்ளங்களோடு திருப்தியடைய மனமில்லாமல், ஞாயிறு விடியலில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கேயுள்ள குன்றுகளை நாடிப் போகிறார்கள். மூத்த அங்கத்தினர் சிலரோ, காட்டுக்குள் சக்கரம் என்பதே நுழையலாகாது என்று வாதிக்கிறார்கள். இரு சாராரும் மனம்விட்டுப் பேசிய பின் சங்கம் வந்து சேர்ந்த முடிவு இது: மலைப்பாதையில் சக்கரம் உருள்வது தன்னளவில் குற்றமாகாது, ஆனால் அப்பாதைகளுக்கு ஏற்கெனவே உரியவர்கள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவர் சைக்கிள்காரர், ஆகையால் அனுமதி கேட்பதும் வழிவிட்டு நிற்பதும் அவருடைய கடமை, அப்படி முறையாகக் கேட்டு நிற்பவருக்கு ஓட்டுவதற்கென்று ஓரிடத்தைக் காட்டுவது அரசாங்கத்தின் கடமை.

சென்னைக்கு மலை ஏது என்று நகைப்பவர்கள் உண்டு. பரங்கிமலை 300 அடி உயரத்தைத் தொட்டு நிற்பதே பெரிது என்பதும், பல்லாவரம், திரிசூலம், திருநீர்மலை, குன்றத்தூர், வண்டலூர் என்று நீளும் மேடுகளை மலைநாட்டார் மலையென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் உண்மையே. இருந்தாலும், 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் பாரத தேசம் முழுவதையும் அளக்கப் புறப்பட்டபோது தம் முதல் அளவுக்கோட்டைப் பரங்கிமலையின் அருகேதான் சங்கிலி போட்டு அளந்தார் என்பதையும், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் கண்டெடுத்த கற்கோடரியே இந்நாட்டின் கற்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வாசல் திறந்தது என்பதையும், அக்குன்றுகளின் கருநீலப் பாறைக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து இட்ட சார்னோகைட் என்னும் பெயரையே இன்றும் உலகத்துப் புவியியலார் வழங்குகிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கிறவர், இவற்றை வெறும் கல்மேடுகள் என்று தள்ளிவிட மாட்டார். கல் உடைப்பவர்கள் அப்படி நினைக்கவில்லை என்பது வேறு விஷயம். பல்லாவரத்துக் குன்றுகளில் கணிசமான பகுதி ஜல்லியாகி, நாம் குடியிருக்கும் வீடுகளின் தளத்துக்குள்ளேயே கிடக்கிறது.

பார்வைக்கு யாருக்கும் சொந்தமில்லாதவை போலத் தோன்றும் இக்குன்றுகளுக்கு உண்மையில் உடையவர்கள் பலர். ஒரு சரிவு வனத்துறையின் காப்புக்காடாகவும், அதையடுத்த மேடு வருவாய்த்துறையின் புறம்போக்காகவும், உச்சி கோயிலுக்கு உரியதாகவும், மறுபக்கம் ராணுவத்துக்கோ விமான நிலையத்துக்கோ சேர்ந்ததாகவும் இருக்கும். இவற்றுக்கிடையே எல்லைக்கல் ஒன்று முட்புதருக்குள் மறைந்து நிற்கும். 1882ஆம் ஆண்டின் வனச்சட்டம், காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதை இன்றும் குற்றமாகவே வைத்திருக்கிறது. ‘ஒற்றையடிப்பாதை இருந்தது, போனேன்’ என்பது அச்சட்டத்தின் முன் செல்லாத சமாதானம். விறகுக்கும் ஆட்டு மேய்ச்சலுக்கும் போன கிராமத்து மக்கள், தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் நடந்த வழியிலேயே வழக்குக்கு அஞ்சி ஒதுங்கிப் போக நேர்ந்திருக்கும்போது, நகரத்திலிருந்து விலையுயர்ந்த வண்டியில் வந்தவருக்கு மட்டும் சலுகை வேண்டும் என்று கேட்பதற்கு எங்களுக்கு நா எழவில்லை.

அனுமதி என்பது காகிதச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் நினைவூட்ட விரும்புவது குரங்கணியை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி, தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக்காரர்களை, காய்ந்த புல் சரிவில் காற்றோடு ஓடி வந்த காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதில் 23 உயிர்கள் போயின. போனவர்களில் சென்னையிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். கோடை தொடங்கிவிட்ட மாதத்தில் யார் எந்தச் சரிவில் இருக்கிறார்கள் என்ற கணக்கு வனத்துறையின் கையில் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் எத்தகையது என்பதை அந்த ஒரு நாள் இந்த மாநிலத்துக்கு உணர்த்தியது. அதன் பின்னரே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடும் முன்பதிவோடும் நடப்பவர்களுக்குத் திறந்துவிடும் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டது. மலைவாழ் மக்களையும் வனத்தையொட்டிய கிராமத்தாரையும் வழிகாட்டிகளாக அமர்த்தி, அவர்களுக்கு வருமானமும் வருகிறவர்களுக்குப் பாதுகாப்பும் ஏற்படும்படி அமைத்த அந்த ஏற்பாட்டை நாங்கள் மனமார வரவேற்கிறோம். சக்கரத்துக்கு நாங்கள் கேட்பதும் அதே ஏற்பாட்டையே தவிர, விதிவிலக்கை அன்று.

இனி, சக்கரம் மண்ணைக் கெடுக்கிறதா என்ற கேள்வி. இதை உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறவர்களே அதிகம். அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு, நனைந்த பாதையில் குதிரைக் குளம்பும் மனிதக் காலும் பெயர்க்கும் மண், சைக்கிள் டயர் பெயர்ப்பதைவிட அதிகம் என்றே காட்டியது. யூட்டா மாநிலத்தின் ஆண்டிலோப் தீவில் மானினங்களையும் காட்டெருமைகளையும் கவனித்தவர்கள், அவை நடப்பவரைக் கண்டு மிரள்வதற்கும் சைக்கிளைக் கண்டு மிரள்வதற்கும் பெரிய பேதமில்லை என்று 2003இல் எழுதினார்கள். இவை எங்கள் கட்சிக்குச் சாதகமான சாட்சியங்கள். எனினும் அவற்றைக் கொண்டுவந்து இங்கே அப்படியே ஒட்டிவிட நாங்கள் துணியவில்லை. மொன்டானாவின் மழை வேறு. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும் மழை வேறு. செம்மண்ணும் சரளையும் மெல்லிய போர்வையாகப் பாறையின்மேல் கிடக்கும் சரிவில், பின்சக்கரத்தைப் பிரேக்கால் இறுகப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்கும் ஒருவர் விட்டுச்செல்லும் ஒரு விரற்கடைப் பள்ளத்தில் அடுத்த மழையின் நீர் இறங்கி ஓடும். அதற்கடுத்த மழைக்கு அது ஓடையாகும். பிறகு வருகிறவர்கள் அந்த ஓடையைத் தவிர்க்கப் பக்கத்திலிருக்கும் புல்லின்மீது ஓட்டுவார்கள். இவ்வாறு ஒரு முழ அகலமாக இருந்த வழி இரண்டு மூன்று பருவங்களில் வண்டிப்பாதையாகிவிடும். ஆகையால் குற்றவாளி சக்கரமல்ல, சறுக்கலும் ஈரமும் வேகமுமே என்பது எங்கள் துணிபு. மழை பெய்து மண் இறுகுவதற்குள் சரிவில் இறங்குவதை எங்கள் அங்கத்தினர்கள் அறவே விலக்க வேண்டும்.

மிருகங்களையும் பறவைகளையும் பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. நன்மங்கலத்தின் ஏறத்தாழ 320 ஹெக்டேர் காப்புக்காட்டில், கைவிடப்பட்ட கற்குவாரியின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது என்பதைப் பறவை நோக்கும் அன்பர்கள் நன்கறிவார்கள். பக்கியும் ஆள்காட்டியும் கூடு என்ற ஒன்றைக் கட்டாமல் வெறுந்தரையில், சரளைக்குள் சரளையாய்த் தெரியும்படி முட்டையிடுகின்றன. நடந்து போகிறவர் கால் வைக்குமுன் ஒரு கணமாவது நிலத்தைப் பார்க்கிறார். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவருக்கு அந்த ஒரு கணம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இது உயிராபத்தாகவே முடியும்: ஓசையின்றி வளைவைத் திரும்பும் சைக்கிளின் எதிரே யானை நின்றால் இருவருக்கும் அவகாசமில்லை. நடப்பவரின் பேச்சொலியும் காலடியோசையும் காட்டுக்கு ஒருவகை முன்னறிவிப்பு. மவுண்டன் பைக் அந்த முன்னறிவிப்பைக் கொடுக்காமலே வேகத்தை மட்டும் கூட்டுகிறது. எனவே யானையும் காட்டெருதும் நடமாடும் வழித்தடங்களில் பொழுதுபோக்குச் சவாரி கூடாது என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதமே எழவில்லை. நன்மங்கலத்திலும் கிண்டி தேசியப் பூங்காவிலும் சைக்கிளுக்கு அனுமதி கேட்கப் போவதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். நகரத்தின் நடுவே 2.7 சதுர கிலோமீட்டரில் மிஞ்சி நிற்கும் கிண்டிக் காட்டில் வெளிமானுக்கு இருக்கும் இடமே சொற்பம்.

கோயில் குன்றுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலி நாட்டின் வால்பரைசோ நகரத்தில் மாடிப்படிகளின் வழியே சைக்கிளில் பாய்ந்திறங்கும் பந்தயம் நடப்பதையும் அதைப் படமாகக் கண்டு நம் பிள்ளைகள் பரவசப்படுவதையும் நாங்கள் அறிவோம். அது அவர்கள் ஊர்த் தெரு. திருநீர்மலையின் படிகளும் திருக்கழுக்குன்றத்தின் படிகளும் வயோதிகர்கள் கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் படிகள். அங்கே சக்கரத்துக்கு இடமில்லை. கிரிவலப் பாதைகளில் பௌர்ணமியன்றும் விசேஷ நாட்களிலும் வண்டியை உருட்டிக்கொண்டு போவதும்கூட வேண்டாம்.

இந்த விளையாட்டு பிறந்த இடத்தின் சரித்திரம் நமக்குப் பாடமாகக்கூடும். கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்தில், 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய்த் தீத்தடுப்புச் சாலையொன்றில் இறக்கிப் பந்தயம் விட்ட ஒரு சிறு கூட்டத்திலிருந்து மவுண்டன் பைக் என்னும் தொழிலே கிளைத்தது. ஒவ்வோர் இறக்கத்திலும் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகையாகிப் போனதால் மறுபடி அடைக்க வேண்டியிருந்தது என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதே பிரதேசத்து டமால்பைஸ் மலையில் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் எழுப்பிய ஆட்சேபத்தின் விளைவாக, சைக்கிள் நெடுங்காலம் அகன்ற தீத்தடுப்புச் சாலைகளோடு நிறுத்தப்பட்டது. அங்கும் மணிக்கு 15 மைல், கண்மறைவான வளைவில் 5 மைல் என்று வேகவரம்பு விதித்தார்கள். ஆரம்பத்திலேயே அடக்கத்தோடு நடந்துகொண்டிருந்தால் அவ்வளவு கசப்பு வந்திராது என்பது எங்கள் ஊகம். நமக்கு அண்மையில், வயநாட்டின் மானந்தவாடியில் கேரள அரசின் சாகசச் சுற்றுலா அமைப்பு மவுண்டன் பைக் போட்டியைக் காட்டுக்குள் நடத்தாமல் பிரியதர்ஷினி தேயிலைத் தோட்டத்தின் பாதைகளில் நடத்திக் காட்டியிருக்கிறது. மனிதன் ஏற்கெனவே திருத்திப் பயிரிட்ட நிலத்தில் விளையாட்டை வைத்துக்கொண்டால் காட்டுக்கு நஷ்டமில்லை என்ற எளிய யுக்தி அதில் இருக்கிறது.

அந்த யுக்தியையே நாங்கள் தமிழக அரசின் முன் வைக்கிறோம். கல் எடுத்துக் கைவிடப்பட்ட குவாரிகள் சென்னையின் தென்மேற்கே நிறையக் கிடக்கின்றன. அவற்றுள் சிக்கராயபுரத்தைப் போன்று வறட்சியில் நகரத்துக்குக் குடிநீர் கொடுத்தவற்றையும், ஆழ்ந்த நீர் நின்று ஆண்டுதோறும் பிள்ளைகளைக் காவு வாங்குபவற்றையும், ஆந்தைகள் குடியேறிவிட்டவற்றையும் நீக்கிவிட்டு, வறண்ட தளமுள்ள ஒன்றிரண்டைத் தேர்ந்து வேலியிட்டு மவுண்டன் பைக் ஓட்டுவோருக்கென்று ஒதுக்கினால், விடுமுறை நாளில் காப்புக்காட்டின் எல்லையைத் தாண்டும் ஆசை பாதிக்குமேல் அடங்கிவிடும் என்று நம்புகிறோம். இரண்டாவதாக, ஏலகிரி, ஜவ்வாது முதலிய மலைகளில் கிராமங்களை இணைக்கும் மண்சாலைகளில், அந்தந்த ஊரார் சம்மதித்தால் மட்டும், ட்ரெக் தமிழ்நாடு முறையிலேயே முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டணமும் வைத்துச் சில வழிகளைச் சைக்கிளுக்குத் திறக்கலாம். தீக்காலத்தில் நடப்பவர்களுக்கு மூடும்போது எங்களுக்கும் மூடட்டும். வழிகாட்டிக்குச் சைக்கிள் எங்கே என்று கேட்பார்கள். வாங்கிக் கொடுப்பதும் பழுது பார்க்கப் பழக்குவதும் எங்களைப் போன்ற சங்கங்கள் ஏற்க வேண்டிய செலவு. வெறுமனே தடை விதித்துவிட்டு வேறிடம் காட்டாமல் இருப்பது சௌகரியமான நிர்வாகமாக இருக்கலாம், ஆனால் திருட்டுச் சவாரியை வளர்ப்பதும் அதுவே என்பதை வனத்துறை அதிகாரிகள் எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

அங்கத்தினர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அனுமதியற்ற பாதையில் ஓட்டிய தடத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து ஊருக்கெல்லாம் பகிர்வது, தாம் செய்த பிழையை நூறு பேருக்குக் கற்றுக்கொடுப்பதாகும். அதைவிட மோசம், அத்தடத்தில் யார் வேகமாக இறங்கினார் என்று பட்டியல் போட்டு, நடப்பவர்களும் ஆடுகளும் போகும் வழியைப் பந்தயத் திடலாக்குவது. எதிரே வருபவர் நடந்து வந்தாலும் ஆடு ஓட்டி வந்தாலும் சுள்ளி சுமந்து வந்தாலும் நம்மவர் இறங்கி நின்று வழிவிட வேண்டும். மணி அடித்து அவர்களை ஒதுங்கச் சொல்லும் அதிகாரம் நமக்கில்லை. துள்ளிக் குதிப்பதற்காக மண்மேடு கட்டுவது, பாறையைப் பெயர்த்து அடுக்குவது, புதரை வெட்டிக் குறுக்குவழி காண்பது ஆகியவை சங்கத்தின் பெயரால் ஒருபோதும் நடக்கலாகாது. ஹெல்மெட் இல்லாதவரைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை; தனியே போவதையும் நாங்கள் ஆதரிப்பதில்லை.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்து பிடிபட்ட அங்கத்தினர் எவராயினும், அபராதத்தைத் தம் கைப்பணத்திலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். அவருக்காகப் பரிந்து பேச எங்கள் சங்கத்தார் எவரும் வனத்துறை அலுவலகத்தின் படியேற மாட்டார்கள்.